பேணுதலும் இசைவும்

இங்கிலாந்து நாட்டில் 2014-ஆம் ஆண்டு இயற்றப்பெற்று, 2015 ஏப்ரல் திங்களில் நடைமுறைக்கு வந்த பராமரிப்புச் சட்டம் என்று ஒன்று உண்டு. முதுமையாலோ நோயாலோ உடற்குறையாலோ தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத வயது வந்தோர்க்கு உள்ளாட்சி மன்றங்கள் ஆற்றவேண்டிய கடமைகளை வகுத்துரைப்பது அச்சட்டம். அதன் 10-ஆம் பிரிவு, நோயாளியைப் பற்றியதன்று; நோயாளியை வீட்டில் வைத்துப் பேணுகின்றவரைப் பற்றியது. மன்றத்தின் பணியாளர் அவரைக் கண்டு, அவர் நிலையை மதிப்பிடவேண்டும் என்று அப்பிரிவு விதிக்கிறது. மதிப்பிடுங்கால் இரண்டு செய்திகளைத் தவறாது ஆராய்தல் வேண்டுமாம். ஒன்று, இப்பணியைச் செய்ய இவருக்கு ஆற்றல் உண்டா, இனியும் இருக்குமா என்பது. மற்றொன்று, இப்பணியைச் செய்ய இவர் இசைகின்றாரா, இனியும் இசைவாரா என்பது.

முதல் வினாவில் நமக்கு வியப்பொன்றும் இல்லை. இரண்டாம் வினாவைக் கேட்கும்போதுதான் நம் நெஞ்சம் ஒரு கணம் திடுக்கிடுகிறது. பக்கவாதத்தால் படுக்கையில் கிடக்கும் தாயின் அருகே அமர்ந்திருக்கும் மகளிடம், "அம்மாவைப் பார்த்துக்கொள்ள உங்களுக்குச் சம்மதமா?" என்று ஓர் அரசுப் பணியாளர் கேட்பதா? நம் ஊர்களில் அவ்வாறு ஒருவர் கேட்டால், கேட்டவரை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். பெற்றவளைப் பேணுவதில் சம்மதம் என்ன, சம்மதமின்மை என்ன? மூச்சு விடுவதற்கு எவரேனும் ஒப்புதல் கேட்பதுண்டா என்பது நம்மவர் மனநிலை.

அவ்வினா அறத்தைக் குலைப்பதா, அன்றி அறத்திற்கு அரண் செய்வதா என்பதையே இக்கட்டுரையில் எண்ணிப் பார்க்க முற்படுகிறோம். மேலைநாட்டுச் சட்டம் நமக்கெதற்கு என்று அன்பர்கள் சிலர் கருதக்கூடும். நம் குடும்பங்களிலிருந்தும் பிள்ளைகள் கடல் கடந்து சென்று வாழ்கின்றனர். வந்தவாசி, திண்டிவனம், செஞ்சி வட்டாரத்துச் சிற்றூர்களில் முதியோர் மட்டும் தங்கிவிட்ட வீடுகளை நாம் காண்கிறோம். ஆகவே இவ்வினா நம் வாசற்படியிலும் நிற்கிறது.

முதற்கண், அந்நாட்டு ஏற்பாட்டைச் சிறிது தெரிந்துகொள்ளுதல் நலம். இங்கிலாந்தில் இப்பொறுப்பை உடைய உள்ளாட்சி மன்றங்கள் 153 உள்ளன. குளிப்பாட்டவும் உடுத்தவும் உணவூட்டவும் வீட்டிற்குப் பணியாளரை அனுப்புதல், குளியலறையில் கைப்பிடியும் வாயிற்படியில் சாய்தளமும் அமைத்துத் தருதல், பகல்நேர மையங்களில் முதியோரைச் சில மணி நேரம் வைத்திருந்து பார்த்துக்கொள்ளுதல், பேணுவோர் சற்று இளைப்பாறும்பொருட்டுச் சில நாட்களுக்கு மாற்று ஏற்பாடு செய்தல், வீட்டில் இருக்கவியலாதாரைப் பராமரிப்பு இல்லங்களில் சேர்த்தல் ஆகியவை அவற்றின் பணிகள். கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஒருவர் ஆளாகிறார் என்ற ஐயம் எழுந்து, தம்மைத் தாமே காத்துக்கொள்ள அவரால் இயலாதெனத் தோன்றினால், விசாரணை செய்வதும் மன்றத்தின் கடமையாகும். இவை யாவும் மருத்துவத்திலிருந்து வேறானவை. மருத்துவத்தை அந்நாட்டில் தேசிய நலவாழ்வுப் பணியே நடத்துகிறது. இவ்வேறுபாட்டால் விளையும் தீங்கினைப் பின்னர்க் கூறுவோம்.

இவ்வேற்பாடு ஒரே நாளில் பிறந்ததன்று. 1601-ஆம் ஆண்டு, எலிசபெத் அரசியார் காலத்தில், ஏழையர் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. ஒவ்வொரு கிறித்தவப் பங்கும் தன் எல்லைக்குட்பட்ட முதியோர், குருடர், முடவர், வலுவற்றோர் ஆகியோரைப் பங்கு மக்களிடம் வரி தண்டிக் காக்கவேண்டும் என்பது அதன் சாரம். அதே சட்டம் மற்றொன்றையும் விதித்தது: வசதியுள்ள பெற்றோர் வறிய பிள்ளைகளையும், வசதியுள்ள பிள்ளைகள் வறிய பெற்றோரையும் காத்தே தீரவேண்டும். 1834-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னர், ஆதரவற்றோர் உதவி நாடினால் வேலைச்சாலை எனப்பட்ட விடுதிகளுக்குள் செல்லவேண்டும் என்னும் கடுமை வந்தது. அங்கே கணவனையும் மனைவியையும் தனித்தனியே பிரித்து வைத்தனர். முதுமையில் வேலைச்சாலையின் வாயிலை மிதிக்க நேருமோ என்ற அச்சம் அந்நாட்டு ஏழை மக்களின் நெஞ்சில் நூறாண்டுகளுக்கு மேல் நிலைத்திருந்தது.

1948-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் நாள் தேசிய உதவிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தேசிய நலவாழ்வுப் பணி தொடங்கிய நாளும் அதுவே. பழைய ஏழையர் சட்டம் இனிச் செல்லாது என்று அது தன் முதற்பிரிவிலேயே அறிவித்தது. மக்கள் தம் பெற்றோரைக் காக்கவேண்டும் என்றிருந்த சட்டக் கட்டாயமும் அத்துடன் நீங்கிற்று. கணவன் மனைவி ஒருவரையொருவரும், பெற்றோர் தம் இளம் பிள்ளைகளையும் காக்கவேண்டும் என்பது மட்டும் எஞ்சியது.

இந்நாட்டில் நடந்ததோ இதற்கு நேர்மாறு. 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுத்தல் மற்றும் பராமரிப்புச் சட்டம், வலுவிழந்த பெற்றோரைக் காப்பது மக்களின் சட்டக் கடமை என்றது. அச்சட்டம் ஜைனர்களுக்கும் பொருந்தும் என்பதை நம் அன்பர்கள் அறிவர். 2007-ஆம் ஆண்டில் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் வந்தது. தீர்ப்பாயம் வழியாக மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை பெற அதில் இடமுண்டு. முதியோரைக் கைவிட்டோர்க்கு மூன்று மாதம் வரை சிறைத் தண்டனையும் உண்டு. 347 ஆண்டுகள் நடைமுறையில் வைத்திருந்த கட்டாயத்தை ஒரு நாடு கைவிட்டது. அது கைவிட்ட சில ஆண்டுகளில் மற்றொரு நாடு அதனைச் சட்டமாக எழுதிக்கொண்டது. தாயைப் பேணுவது நம் குருதியில் ஊறியது என்று மேடைதோறும் பேசுகின்ற நமக்குச் சிறை அச்சம் காட்டும் சட்டம் ஏன் தேவைப்பட்டது என்பதை யாரும் மேடையில் கேட்பதில்லை.

கட்டாயம் நீங்கியதால் அந்நாட்டு மக்கள் பெற்றோரைத் தெருவில் விட்டனரா? மேலைநாட்டார் முதியோரை இல்லங்களில் தள்ளிவிட்டுத் தம் இன்பத்தை நாடுவோர் என்னும் கருத்து நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. 2021-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இங்கிலாந்திலும் வேல்சிலுமாக ஏறத்தாழ 50 இலட்சம் பேர் ஊதியமின்றித் தம் உற்றார் உறவினரையோ அண்டை அயலாரையோ பேணி வருகின்றனர். பெற்றோரைப் பேணுமாறு எந்தச் சட்டமும் அவர்களை வற்புறுத்தவில்லை. நம்மைப்போன்றே அவர்களும் இரவில் எழுந்து படுக்கை விரிப்பை மாற்றுகின்றனர். மறதி நோயுற்ற தந்தை ஐந்தாம் முறையாகக் கேட்கும் அதே கேள்விக்கு ஐந்தாம் முறையும் விடை சொல்கின்றனர். அன்பு ஒரு நாட்டாரின் தனிச்சொத்து என எண்ணுவது பேதைமை.

ஆனால் அப்பேணுவோர் நெடுங்காலம் எவர் கண்ணிலும் படாதவர்களாகவே இருந்தனர். மேரி வெப்ஸ்டர் என்னும் அம்மையார் 1954-இல், தமது 31-ஆம் வயதில், பெற்றோரைப் பேணும்பொருட்டுத் தாம் ஏற்றிருந்த சமயப் பணியைத் துறந்து வீடு திரும்பினார். மணமாகாத பெண்கள் பலர் இவ்வாறே வேலையை விட்டு, பெற்றோரைக் காத்து, அவர்கள் மறைந்தபின் ஊதியமும் ஓய்வூதியமும் இன்றித் தனித்து நிற்பதை 1963-இல் செய்தித்தாள்களுக்குக் கடிதம் வாயிலாக எழுதினார். தம்மைப் போன்றோர் பலர் உளர் என்பதை வந்து குவிந்த மறுமொழிகளால் அறிந்தார். 1965-இல் அவர் முயற்சியால் ஓர் அமைப்பு தோன்றிற்று. பேணுவோர்க்கெனத் தனிச்சட்டம் வருவதற்கு மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. 1995-ஆம் ஆண்டுச் சட்டமே அவர்கள் நிலையைத் தனியே மதிப்பிட முதன்முதலாக வழி செய்தது.

இதனிடையே நடந்த ஒன்றைக் குறிப்பிடாமல் இருக்க இயலவில்லை. 1976-இல் நடுவணரசு, நோயாளியைப் பேணுவதற்காக வேலையைத் துறந்தோர்க்கு ஒரு சிறு உதவித்தொகையை ஏற்படுத்திற்று. மணமான பெண்களுக்கு மட்டும் அது இல்லை என்றது. மணமானவள் எப்படியும் வீட்டிலேதானே இருப்பாள், அவள் எதைத் துறந்தாள் என்பது அதன் உட்கருத்து. ஜாக்குலின் டிரேக் என்னும் மணமான பெண்மணி, உடல் நலிந்த தம் தாயைக் காக்க 1984-இல் வேலையை விட்டவர், வழக்குத் தொடுத்தார். 1986-இல் ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்த பின்னரே அந்த வேறுபாடு ஒழிந்தது. எப்படியும் வீட்டிலேதானே இருக்கிறாள் என்ற சொற்றொடர் நமக்குப் புதியதா? நம் வீட்டு மருமகள்களைக் குறித்து நாமே நாள்தோறும் சொல்வதுதானே!

இனி நம் ஆகமங்கள் இப்பொருளைப் பற்றி யாது கூறுகின்றன என்று நோக்குவோம். நோயுற்றோர்க்கும் தளர்ந்தோர்க்கும் பணிவிடை செய்தலை வையாவிருத்தியம் என்கிறோம். உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் அதனை அகத்தவம் ஆறனுள் ஒன்றாக வைத்தார். பணிவிடை பெறுதற்குரியார் பதின்மரைக் கூறுமிடத்து நோயுற்ற துறவியையும் சேர்த்தார். சமந்தபத்திரரோ இல்லறத்தார்க்குரிய சிட்சாவிரதங்களுள் ஒன்றாகவே வையாவிருத்தியத்தை வைத்தார். அந்நூல்வழி வந்த நம் அருங்கலச்செப்பைப் பயின்றோர் இதனை அறிவர். இவை துறவியரை நோக்கிய பணிவிடையையே முதன்மையாகச் சொல்வன என்பதை மறைத்தல் கூடாது. எனினும் துறவிக்கு அருவருப்பின்றிச் செய்யும் பணிவிடை தவமாகுமாயின், பெற்ற தாய்க்கு அருவருப்பின்றிச் செய்வது தவத்தின் பயிற்சியேனும் ஆகாதோ?

தவம் என்று அதனைக் கொண்ட அளவிலேயே இசைவு என்னும் வினா நம்மிடம் வந்துவிடுகிறது. உணவு கிடைக்காமல் பட்டினி கிடப்பவன் உபவாசம் இருப்பவன் அல்லன். சிறையில் அடைபட்டுப் பசியும் வெயிலும் பொறுப்பவன், அவற்றைத் தானே மேற்கொண்ட தவசியோடு ஒப்பான் அல்லன். விருப்பமின்றி நேர்ந்த துன்பத்தைப் பொறுத்தலால் உண்டாகும் வினை உதிர்ப்பை அகாம நிர்ச்சரை எனத் தனியே பிரித்து வைத்தனர் நம் ஆசிரியர்கள். அதனாலும் ஒரு பயன் உண்டென்றனர். தேவகதிக்குரிய ஆயுளுக்குக் காரணமாவனவற்றுள் அதனையும் எண்ணினர். ஆயின் தவத்தால் வரும் பயனோடு அதனைச் சமமாக வைக்கவில்லை. தலைவிதி என்று நொந்துகொண்டு, வேறு போக்கின்றி, பல்லைக் கடித்துக்கொண்டு மாமியாரைப் பேணும் பெண் நமது இரக்கத்திற்குரியவள். அவள் செய்வதைத் தவம் என்று புகழ்ந்து, அப்புகழாலேயே அவள் வாயை அடைத்துவிடுவது நம் வழக்கமாக இருக்கிறது. இசைவைக் கேளாமலே தவத்தின் பெயரைச் சூட்டுவது பொருந்துமா?

இவ்விடத்து ஒரு தடை எழும். இசைவைக் கேட்டால் எல்லாரும் இல்லை என்று சொல்லிவிட்டால் என் செய்வது? கடமை என்பதே விருப்பத்தைக் கடந்து நிற்பதன்றோ? இத்தடை வலிமை உடையது. இதனை எளிதில் தள்ளிவிட நாம் விரும்பவில்லை.

விருப்பம் வேறு, இசைவு வேறு என்று நாம் கருதுகிறோம். நள்ளிரவு இரண்டு மணிக்கு எழுந்து தந்தையின் உடையை மாற்றுவது எவருக்கும் விருப்பமான செயல் அன்று. விருப்பம் இல்லாதபோதும் ஒருவர் அதனை மேற்கொள்ளலாம்; மேற்கொள்கிறேன் என்று உள்ளம் ஒப்புவதே இசைவு. விருப்பம் நாழிகைதோறும் மாறும். இசைவு அவ்வளவு எளிதில் மாறுவதன்று. நம் விரதங்களும் அத்தகையனவே. விரதம் பூண்டவன் ஒவ்வொரு நாளும் விரும்பியா பசித்திருக்கிறான்? ஆயினும் அவனை எவரும் கட்டாயப்படுத்தி விரதம் பூணச் செய்யவில்லை; தானே முன்வந்து பூண்டான். இங்கிலாந்துச் சட்டம் வினவுவது விருப்பத்தை அன்று, இசைவையே என்று நாம் கொள்கிறோம். அவ்வாறன்றி, உனக்குப் பிடித்திருக்கிறதா என்பதே பேணுதலுக்கு ஒரே அடிப்படை என்று அந்நாட்டார் சிலர் சொல்வாராயின், அவரோடு நாம் உடன்பட மாட்டோம். நம்மைப் பெற்று வளர்த்த காலத்தில் அவர்களும் பிடித்திருந்த பொழுது மட்டும் எழுந்து வந்தவர்கள் அல்லர்.

தடையின் மற்றொரு பகுதி எஞ்சி நிற்கிறது: இல்லை என்று ஒருவர் சொல்லிவிட்டால்? இங்கேதான் உள்ளாட்சி மன்றம் ஒன்று இருப்பதன் பொருள் விளங்குகிறது. மகள் இயலாது என்றால், தகுதியுடைய தேவைகளை நிறைவு செய்யும் பொறுப்பு மன்றத்தினுடையது. இந்தப் பின்னணி இருப்பதனால்தான் அவ்வினாவை மனச்சான்றோடு கேட்க முடிகிறது. தாங்குவதற்கு வேறெவரும் இல்லாத இடத்தில் "உனக்குச் சம்மதமா?" என்று கேட்பது வினாவே அன்று, அது ஒரு கொடுமை. இல்லை என்னும் விடைக்கு இடமிருந்தால் மட்டுமே ஆம் என்னும் விடைக்கு மதிப்பு உண்டு. நம் ஊர்களில் இவ்வினா எழாததற்குக் காரணம், நம் மக்களின் அன்பு மிகுதியானது என்பது மட்டுமே அன்று. இல்லை என்று சொல்பவர்க்கு நாம் கொடுக்கத்தக்க விடை எதுவும் நம் கையில் இல்லை.

அகிம்சாணுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்தை நாம் சிறுவயதில் மனப்பாடம் செய்திருக்கிறோம்: கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவுக்கு மிஞ்சிச் சுமையேற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். மாட்டையும் குதிரையையும் எண்ணியே இவற்றை நாம் பெரும்பாலும் விளக்கி வந்துள்ளோம். வண்டியில் பொதி மிகுந்தால், இறக்கிவிடு, பாவம் என்று சொல்லும் நல்லுள்ளம் நம்மவர்க்கு உண்டு. அதிபாரம் ஏற்றுதல் என்பது வீட்டுக்குள்ளும் நிகழ்கிறது என்பதை எண்ணினோமா? நான்கு மக்களைப் பெற்ற ஒருவர் படுக்கையில் வீழ்கிறார். மூவர் திங்கள்தோறும் பணம் அனுப்புகின்றனர். பண்டிகைக்கு வந்து காலடியில் பத்து நிமிடம் அமர்ந்து கண் கலங்குகின்றனர். நான்காமவரின் மனைவி ஆறாண்டுகளாக அயலூர் சென்றதில்லை. தம் தங்கையின் திருமணத்திற்குக்கூட முகூர்த்தத்திற்கு மட்டும் போய்த் திரும்பினார். இத்தகைய வீட்டைக் காணாதவர் நம்முள் எவர்? அவ்வீட்டில் இம்சை நடக்கிறது என்று எவரும் சொல்வதில்லை. கடமை நடக்கிறது என்கிறோம். பொதிமாட்டின் முதுகு புண்ணானால் கண்ணுக்குத் தெரிகிறது, இங்கே தெரிவதில்லை.

2014-ஆம் ஆண்டுச் சட்டம் பேணுவோரின் வேலை, கல்வி, பொழுதுபோக்கு ஆகியவற்றையும் கருதவேண்டும் என்கிறது. பொழுதுபோக்கு என்ற சொல்லைக் கண்டு சிரிப்போரும் இருப்பர். தாய் படுக்கையில் கிடக்க மகளுக்குப் பொழுதுபோக்கா? ஆம், வேண்டும். திங்களில் ஒருநாள் கோயிலுக்குச் சென்று அமைதியாக ஒரு மணி நேரம் அமர்ந்து வருவதும் அச்சொல்லில் அடங்கும்.

பேணப்படுபவரின் இசைவைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். அந்நாட்டில் 2005-ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2007-இல் நடைமுறைக்கு வந்த உளத்திறன் சட்டம், ஒருவர் அறிவுக்குப் பொருந்தாத முடிவொன்றை எடுத்தார் என்பதனாலேயே அவர் முடிவெடுக்கும் திறன் இழந்தவர் எனக் கொள்ளலாகாது என்கிறது. நீரிழிவு உடைய முதியவர் இனிப்பு உண்கிறார். விழுந்துவிடுவார் என்று தடுத்தும் மாடிப்படி ஏறுகிறார். அவர் நன்மைக்காகவே மகன் வெளிக்கதவைப் பூட்டிவிட்டு அலுவலகம் செல்கிறான். மகள் அவர் தட்டிலிருந்து உணவை எடுத்துவிடுகிறாள். மேற்சொன்ன அதிசாரங்களுள் முதலாவதும் ஐந்தாவதும் இங்கே அன்பின் வேடம் பூண்டு நிற்கின்றன. பிரமாதம், அதாவது அசட்டை கலந்த செயலால் உயிர்க்கு ஊறு விளைதலே இம்சை என்பது நம் சூத்திரத்தின் கருத்து. நல்லெண்ணம் இருந்தால் போதும், விழிப்பு வேண்டா என்று அது சொல்லவில்லை. ஒருவருடைய உள்ளத்தை வினவாமல் அவர் உடலைக் காப்பதும் ஒருவகை அசட்டையே என்று நமக்குத் தோன்றுகிறது. அறிவு முற்றிலும் மயங்கியவரின் நிலை வேறு. அவர் பொருட்டு மற்றவர் முடிவெடுக்கத்தான் வேண்டும். அப்பொழுதும் அவரை மிகக் குறைவாகக் கட்டுப்படுத்தும் வழி எது என்பதை ஆராயவேண்டும் என்று அச்சட்டம் சொல்கிறது.

அந்நாட்டு ஏற்பாடு குறையற்றது என்று எவரும் மயங்கவேண்டா. 2011-ஆம் ஆண்டு, பிரிஸ்டல் நகருக்கு அருகில் வின்டர்போர்ன் வியூ என்னும் தனியார் மருத்துவமனையில், அறிவு வளர்ச்சி குன்றியவர்களை ஊழியர்களே அடித்தும் இழுத்தும் துன்புறுத்தியதைத் தொலைக்காட்சி வெளிப்படுத்திற்று. மறு ஆண்டில் பதினொருவர் தண்டிக்கப்பட்டனர், அவர்களுள் அறுவர் சிறை சென்றனர். ஊதியம் பெறும் கையெல்லாம் இரக்கமுள்ள கை அன்று.

பெருங்குறை பணத்தில் இருக்கிறது. புற்றுநோய் கண்டவர்க்கு நலவாழ்வுப் பணியின் மருத்துவம் இலவசம். மறதி நோய் கண்டவர்க்குப் பெரும்பாலும் வேண்டுவது மருந்தன்று; குளிப்பாட்டி, உடுத்தி, உணவூட்டும் கை. அது உள்ளாட்சி மன்றத்தின் பாற்பட்டது. அதற்குச் சொத்து மதிப்பீடு உண்டு. 23,250 பவுனுக்கு மேல் சேமிப்பு உடையவர் இங்கிலாந்தில் பொதுவாகத் தம் செலவைத் தாமே ஏற்கவேண்டும். நிலையாக இல்லத்தில் சேர்ந்துவிட்டால், மனைவியோ கணவரோ அதில் வசிக்காதபோது, சொந்த வீடும் கணக்கில் சேரும். 2010 முதல் அவ்வரம்பு உயர்த்தப்படவேயில்லை. எந்த நோய் வந்தது என்பதைப் பொறுத்து ஒருவர் வீடு தப்புவதும் போவதும் எவ்வகையில் நீதி? 1999-இல் ஓர் அரச ஆணையம் முதியோர்க்கான உடற்பராமரிப்பை இலவசமாக்குக என்றது. ஸ்காட்லாந்து 2002-இல் ஏற்றது, இங்கிலாந்து ஏற்கவில்லை. ஒருவர் தம் வாழ்நாளில் பராமரிப்புக்காகச் செலவிடும் தொகைக்கு 86,000 பவுன் என உச்சவரம்பு கட்டப்போவதாகச் சொன்னார்கள்; தள்ளிப்போட்டார்கள்; 2024 ஜூலையில் கைவிட்டார்கள். வாரம் 35 மணி நேரத்திற்குக் குறையாது பேணுவோர்க்கு நடுவணரசு தரும் உதவித்தொகை 2025 ஏப்ரலில் வாரத்துக்கு 83 பவுன் 30 பென்சு. அதாவது மணிக்கு இரண்டரைப் பவுனுக்கும் குறைவு. மன்றங்களின் கையில் நிதி சுருங்கச் சுருங்க, "இசைகிறீர்களா?" என்ற வினாவும் வலுவிழக்கிறது. இல்லை என்றால் வருவதற்கு ஆளில்லை என்பது கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும். அப்போது அந்நாட்டு மகளும் நம் நாட்டு மருமகளும் ஒரே நிலையில் நிற்கின்றனர்.

ஆகவே பேணுதல் குடும்பத்தின் கடமையா, சமுதாயத்தின் கடமையா என்று இரண்டிலொன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது பொருளற்றது. குடும்பத்தின் கடமை என்று நாம் சொல்லும்போது, குடும்பம் என்பது உண்மையில் ஒரே ஒருத்தியாகச் சுருங்கிவிடுகிறது. நம் சங்கங்கள் திருவிழாவிற்கும் திருப்பணிக்கும் குழு அமைக்கின்றன. யார் எந்நாளில் வருவது என்று பட்டியல் எழுதுகின்றன. படுக்கையில் கிடக்கும் பத்து முதியவர்களின் வீடுகளுக்கு, பேணுபவர் இரண்டு மணி நேரம் வெளியே சென்று வரும்படி முறைவைத்துச் செல்வதற்கும் அதே பட்டியல் போதும். கேரளத்தில் 2008-ஆம் ஆண்டுக் கொள்கைக்குப் பின் ஊராட்சிகள் வாயிலாக, படுக்கையிலுள்ளோரின் வீடுகளுக்கே செவிலியர் சென்று வருகின்றனர். தமிழ்நாட்டிலும் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இல்லத்திற்கே சென்று நோய் தணிப்புச் சிகிச்சை அளிக்கிறது. நோயாளிக்கு வருகின்ற அச்செவிலியர், அருகில் நிற்கும் பெண்ணையும் நோக்கி, "நீங்கள் தூங்குகிறீர்களா அம்மா?" என்று கேட்பதற்குத் தனிச்செலவு ஏதும் இல்லை.

இங்கிலாந்தில் வாழும் நம் உறவினர்க்கு ஒரு செய்தி பயன்படலாம். பேணுவோர்க்கான மதிப்பீட்டிற்குக் கட்டணம் இல்லை. நோயாளி தமக்கு உதவி வேண்டாம் என்று மறுத்துவிட்டாலும் பேணுபவர் தம்பொருட்டு அதனைக் கேட்கலாம். தம் வருவாயையோ சொத்தையோ முன்னிட்டு அதனை மறுக்க இயலாது. இருவருடைய மதிப்பீட்டையும் ஒன்றாகச் செய்வதாயின் இருவரும் ஒப்பவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆகவே தாயின் முன்னிலையில் சொல்லக்கூசுவதை மகள் தனியே அமர்ந்து சொல்லலாம்.